‘முன்னைய ஆய்வுகள் எவையும் இல்லை’ என்று எழுதுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை மாவட்டத்தைக் களமாகக் கொண்ட இளமாணி, முதுமாணி ஆய்வேடுகளைப் புரட்டினால், இலக்கிய மீளாய்வு அத்தியாயத்தில் ஒரு வசனம் அடிக்கடி கண்ணில் படும்: “இவ்விடயம் தொடர்பாக இம்மாவட்டத்தில் முன்னைய ஆய்வுகள் எவையும் மேற்கொள்ளப்படவில்லை.” சில தலைப்புகளில் அது உண்மையாக இருக்கலாம். பல வேளைகளிலோ அந்த வசனத்துக்குப் பின்னால் இருப்பது, கூகுளில் ஒரு தடவை தட்டிப் பார்த்த ஒரு நீண்ட கேள்வி மட்டும்தான். இதன் விளைவு சிறியதல்ல. ஏற்கெனவே நீர்மாதிரி எடுத்த கிணறுகளில் மறுபடியும் மாதிரி எடுக்கப்படுகிறது. ஏற்கெனவே வினாக்கொத்து நிரப்பிக் கொடுத்த மீனவக் குடும்பங்களிடம் அதே வினாக்களோடு இன்னொருவர் போய் நிற்கிறார். முன்னவர்கள் எந்த முறையில் அளந்தார்கள், எங்கே பிழைத்தார்கள் என்று தெரியாமலே ஒரு வருட உழைப்பு செலவாகிறது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாக மாணவர்களுக்கும், வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்புப் படிக்கும் ஆசிரியர்கள், தாதியர், விவசாயப் போதனாசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால், ஆய்வுத் தரவுத்தளங்களில் தேடும் முறையைச் சற்று விரிவாக எழுதுகிறோம். ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்யவேண்டிய சொற்களையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறோம். தேடும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் இடவேண்டும்.

எந்தக் கருவி எதைத் தேடுகிறது என்பது தெரியாமல் தொடங்குவதுதான் பெரும்பாலான பிழைகளின் வேர். பப்மெட், ஸ்கோப்பஸ், வெப் ஒஃப் சயன்ஸ் ஆகியவை முதன்மையாகக் கட்டுரையின் தலைப்பு, ஆய்வுச்சுருக்கம், திறவுச்சொற்கள் ஆகியவற்றைத்தான் தேடுகின்றன. கட்டுரையின் உள்ளே ஓர் அட்டவணையில் ‘பதவிசிறிபுர’ என்றோ ‘குச்சவெளி’ என்றோ ஒரு வரி இருந்தால், அது அவற்றுக்குத் தெரியாது. கூகுள் ஸ்கொலர் தனக்குக் கிடைத்த கட்டுரைகளின் முழுப்பாடத்தையும் தேடும். ஆகவே நோய், பயிர், கற்பித்தல் முறை என்று கருத்தைத் தேடும்போது முதல்வகைத் தரவுத்தளம். ஊர்ப்பெயரைத் தேடும்போது கூகுள் ஸ்கொலர். இந்த ஒரு விடயத்தைக் கடைப்பிடித்தாலே ‘திருகோணமலை பற்றி எதுவுமில்லை’ என்ற முடிவு பல தலைப்புகளில் மாறிவிடும். திருகோணமலைத் தரவு, ‘இலங்கையின் கிழக்குக் கரை’ அல்லது ‘உலர் வலயம்’ என்று தலைப்பிட்ட கட்டுரைகளின் உள்ளே அடங்கியிருப்பது வழக்கம்.

கூகுள் ஸ்கொலரின் எல்லைகளையும் அறிந்திருக்க வேண்டும். எத்தனை இலட்சம் முடிவுகள் என்று மேலே காட்டினாலும், ஒரு தேடலுக்கு முதல் 1000 முடிவுகளுக்கு மேல் பார்க்க முடியாது. தேடற்கோவை, அதாவது தேடற்பெட்டியில் இடும் சொற்களும் குறிகளும் சேர்ந்த முழுத்தொடர், 256 எழுத்துகளைத் தாண்டினால் மிகுதி கவனிக்கப்படாது. உடுக்குறி (*) இட்டுச் சொல்லைச் சுருக்கும் வசதி இல்லை. அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட பழைய கட்டுரைகளே மேலே வரும். உள்ளூர்ச் சஞ்சிகையில் கடந்த வருடம் வந்த நல்ல கட்டுரை ஐந்தாம் பக்கத்தில் கிடக்கும். ‘திகதிப்படி’ என்று வரிசையை மாற்றினால் அண்மைய ஒரு வருடத்துக்குள் சேர்க்கப்பட்டவை மட்டுமே தெரியும். பழையவை மறைந்துபோவதைக் கவனிக்காமல் ‘மொத்தமே இவ்வளவுதான்’ என்று நினைப்பவர்கள் பலர். அதே கோவையை அடுத்த மாதம் இட்டால் வேறு எண்ணிக்கை வரக்கூடும் என்பதால், முறைசார் மீளாய்வு (ஒரு கேள்விக்கான ஆய்வுகள் அனைத்தையும் வகுத்த முறைப்படி திரட்டும் மீளாய்வு) எழுதுவோர் இதை மட்டும் நம்பக்கூடாது.

எந்தத் துறைக்கு எது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மருத்துவத்துக்கு பப்மெட், சிகிச்சை ஒப்பீடுகளுக்கு கொக்ரேன் நூலகம், கல்விக்கு எரிக், விவசாயத்துக்கும் மீன்பிடிக்கும் உலக உணவு விவசாய நிறுவனத்தின் அக்ரிஸ், கணினிக்கும் பௌதிகத்துக்கும் ஆர்க்சிவ். எல்லாத் துறைக்கும் பொதுவாகவும் இலவசமாகவும் ஓபன்அலெக்ஸ், லென்ஸ், பேஸ், கோர் ஆகியவை உள்ளன. ஸ்கோப்பஸும் வெப் ஒஃப் சயன்ஸும் சந்தா கட்டவேண்டியவை. இலங்கைத் தலைப்பு என்றால் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தை விடவே கூடாது. நம் நாட்டுச் சஞ்சிகைகள் பல பப்மெட்டிலோ ஸ்கோப்பஸிலோ இல்லை. பல்கலைக்கழகங்களின் எண்ணிமக் களஞ்சியங்களும் அப்படியே. ஆய்வு மாநாட்டுச் சுருக்கங்களும் ஆய்வேடுகளும் அங்கேதான் கிடைக்கும்.

இனித் தேடற்கோவை. நம் மாவட்டத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு கேள்வியை எடுப்போம்: உலர் வலயத்தில், காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்க்கும் குடிநீருக்கும் தொடர்பு உண்டா? இந்தக் கேள்வியை அப்படியே தேடற்பெட்டியில் இடக்கூடாது. ‘தொடர்பு’, ‘தாக்கம்’, ‘விளைவு’, ‘ஓர் ஆய்வு’ போன்ற சொற்கள் எல்லாக் கட்டுரைகளிலும் இருக்கும், அல்லது நமக்கு வேண்டிய கட்டுரையில் மட்டும் இல்லாமல் இருக்கும். கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று நிரல்கள் கீறுங்கள். முதல் நிரல் நோய், இரண்டாவது நீர், மூன்றாவது இடம்.

நோயின் நிரலில் ஒரு பெயர் போதாது. ‘குரோனிக் கிட்னி டிசீஸ் ஒஃப் அன்நோன் எட்டியோலஜி’ என்று ஒருவர் எழுதுவார். ‘அன்நோன்’ என்பதற்குப் பதிலாக ‘அன்சேர்ட்டின்’ என்று இன்னொருவர் எழுதுவார். ‘எட்டியோலஜி’ பிரித்தானிய எழுத்துக்கூட்டலில் ஏ, ஈ என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும். அமெரிக்க எழுத்துக்கூட்டலில் ஈ மட்டும். ‘சீகேடியூ’ என்ற சுருக்கம் தனி. ‘குரோனிக் இன்டர்ஸ்டிஷல் நெஃப்ரைற்றிஸ் இன் அக்ரிகல்ச்சரல் கொம்யூனிட்டீஸ்’ என்பது இதே வகை நோய்க்கு வேறு ஆய்வாளர்கள் வைத்த பெயர். மத்திய அமெரிக்காவில் இதை ஒத்த நோயை ‘மீசோஅமெரிக்கன் நெஃப்ரோபதி’ என்பார்கள். ஒப்பிட வேண்டுமென்றால் அதுவும் வேண்டும். நீரின் நிரலில் நிலத்தடி நீரைக் குறிக்கும் ‘கிரவுண்ட்வோட்டர்’ சேர்த்தும் பிரித்தும், பிறகு ‘ட்ரிங்கிங் வோட்டர்’, ‘ஃபுளோரைட்’, ‘ஹார்ட்னஸ்’, ‘கட்மியம்’ என்று வரும். கிணறு என்று எண்ணி ‘வெல்’ என்ற சொல்லைத் தனியாக இட்டுவிடாதீர்கள். ‘நன்றாக’, ‘அத்துடன்’ என்ற பொருளில் அச்சொல் வராத ஆங்கிலக் கட்டுரையே இல்லை என்பதால் முடிவுகள் ஆயிரக்கணக்கில் பெருகும். ‘டக் வெல்’, ‘ரியூப் வெல்’, ‘வெல் வோட்டர்’ என்று தொடராகவே இடவேண்டும்.

ஒரு நிரலுக்குள் இருக்கும் சொற்களை ‘ஓர்’ இணைக்கும். நிரல்களை ஒன்றோடொன்று ‘அன்ட்’ இணைக்கும். இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இடுங்கள். கூகுள் ஸ்கொலரும் பப்மெட்டும் சிறிய எழுத்து ‘ஓர்’ என்பதை இணைப்பாகக் கொள்வதில்லை. ஒவ்வொரு நிரலையும் அடைப்புக்குறிக்குள் இடுவது கட்டாயம். அடைப்பில்லாத கோவையை பப்மெட் இடமிருந்து வலமாக வாசிக்கும். வெப் ஒஃப் சயன்ஸ் ‘அன்ட்’ இணைப்பை முதலில் தீர்த்துவிட்டு ‘ஓர்’ இணைப்புக்கு வரும். ஒரே கோவை இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தருவதற்கு இதுவே காரணம். பல சொற்கள் சேர்ந்த பெயரை இரட்டை மேற்கோட்குறிக்குள் இட்டால் அந்த ஒழுங்கில் மட்டும் தேடும். கைபேசியிலும் வேர்ட் கோப்பிலும் மேற்கோட்குறி தானாக வளைந்துவிடும். வளைந்த குறியைச் சில தரவுத்தளங்கள் மேற்கோட்குறியாக ஏற்பதில்லை. கோவைகளை நோட்பாட் போன்ற வெறும் எழுத்துக் கோப்பில் எழுதி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

உடுக்குறி (*) சொல்லின் அடிப்பகுதியை மட்டும் கொடுத்து மிகுதியைத் தரவுத்தளத்திடம் விடுவது. ‘நெஃப்ரோபத்’ வரை எழுதி உடுக்குறி இட்டால் நோயின் ஒருமை, பன்மை, பெயரடை எல்லாம் வரும். பப்மெட்டில் உடுக்குறிக்கு முன் குறைந்தது நான்கு எழுத்துகள் இருக்க வேண்டும். அடிப்பகுதி குறுகக் குறுகத் தேவையற்றவை பெருகும். பப்மெட்டில் இன்னொன்றும் நடக்கிறது: சாதாரணமாக ஒரு சொல்லை இட்டால், அது பொருந்தும் பொருட்தலைப்புகளையும் ஒத்த சொற்களையும் தானாகவே சேர்த்துக்கொள்ளும். உடுக்குறியோ மேற்கோட்குறியோ இட்ட சொல்லுக்கு அந்த உதவி நின்றுவிடும். அதாவது ‘துல்லியமாகத் தேடுகிறேன்’ என்று எல்லாவற்றுக்கும் மேற்கோட்குறி போட்டவர், அறியாமலே ஒத்த சொற்களை இழக்கிறார். உண்மையில் எதைத் தேடியது என்பதை ‘அட்வான்ஸ்ட்’ பக்கத்தின் வரலாற்று அட்டவணையில் ‘டீட்டெய்ல்ஸ்’ என்பதைத் திறந்தால் முழுமையாகக் காட்டும். ஒவ்வொரு தேடலுக்குப் பிறகும் அதை வாசிக்கும் பழக்கம் ஏற்பட்டால், வேறு பயிற்சி தேவையில்லை என்று சொல்லுமளவுக்கு அது கற்றுத்தரும்.

அந்தப் பொருட்தலைப்புகளை ‘மெஷ்’ என்பார்கள். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் வகுத்து வைத்துள்ள நிலையான பெயர்கள் அவை. கட்டுரையாசிரியர் எந்தச் சொல்லை எழுதினாலும் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு ‘ரீனல் இன்சஃபிஷன்சி, குரோனிக்’ என்ற தலைப்பே வழங்கப்படும். ஆனால் புதிதாகச் சேர்ந்த கட்டுரைகளுக்கும், பப்மெட்டின் மையத் தொகுப்பான மெட்லைனில் இடம்பெறாத சஞ்சிகைகளின் கட்டுரைகளுக்கும் மெஷ் தலைப்பு இருக்காது. எனவே மெஷ் தலைப்பையும் தலைப்பு, சுருக்கத்தில் வரும் சாதாரணச் சொற்களையும் ‘ஓர்’ இட்டு ஒன்றாகத் தேடவேண்டும். ஒன்றை மட்டும் பயன்படுத்துவது அரைத் தேடல்.

சொற்கள் ஒன்றுக்கொன்று அண்மையில் வரவேண்டும் என்றும் கேட்கலாம். வெப் ஒஃப் சயன்ஸில் ‘நியர்’ என்ற சொல்லும் சாய்கோடும் எண்ணும்; ஸ்கோப்பஸில் டபிள்யூ எழுத்தும் சாய்கோடும் எண்ணும். பப்மெட்டில் 2022 இலிருந்து, மேற்கோட்குறிக்குள் இட்ட சொற்களுக்குப் பின், சதுர அடைப்புக்குள் தேடும் புலத்தின் (தலைப்பு, சுருக்கம் போன்ற பகுதியின்) பெயரோடு அலைக்குறியும் (~) எண்ணும் இட்டு இதைச் செய்யலாம். 3 முதல் 5 வரையான இடைவெளியில் தொடங்குவது நல்லது.

கோவை சரியா என்று எப்படி அறிவது? மேற்பார்வையாளரிடம் கேட்டோ, ஒரு நல்ல மீளாய்வுக் கட்டுரையின் உசாத்துணைப் பட்டியலைப் பார்த்தோ, கட்டாயம் வரவேண்டிய ஐந்தாறு கட்டுரைகளை முன்கூட்டியே தெரிந்து வையுங்கள். கோவையை ஓட்டியபின் அவை வந்தனவா என்று பாருங்கள். ஒன்று வரவில்லையென்றால் அந்தக் கட்டுரையைத் தனியே திறந்து, அதன் தலைப்பிலும் சுருக்கத்திலும் எந்தச் சொல் இருக்கிறது, எந்த நிரல் அதைத் தள்ளிவிட்டது என்று பாருங்கள். ஒரு கட்டுரை தவறியதற்கான காரணம், கண்ணுக்குத் தெரியாத இன்னும் பல கட்டுரைகள் தவறியதற்கும் காரணமாக இருக்கும். இந்தச் சோதனைக்கு அரைமணி நேரம் போதும். தேடலின் எல்லாப் படிகளிலும் இதைத்தான் மாணவர்கள் அதிகம் தவிர்க்கிறார்கள். இதுதான் அதிகம் பலன் தருவதும்.

முடிவுகள் அளவுக்கு மீறிக் கூடினால் உடனே வடிகட்டிகளை அழுத்தாதீர்கள். ‘இலவச முழுப்பாடம் மட்டும்’ என்ற வடிகட்டி, வேறு வழியில் இலவசமாகக் கிடைக்கக்கூடிய கட்டுரைகளையும் மறைத்துவிடும். ‘கடந்த ஐந்து வருடம்’ என்பது பல துறைகளில் வெறும் வழக்கமாகப் பின்பற்றப்படுகிறது. இந்தச் சிறுநீரக நோய் வட மத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்தது. ஐந்து வருட வடிகட்டி, அடிப்படை வேலைகள் அனைத்தையும் வெட்டிவிடும். ‘நொட்’ இன்னும் ஆபத்தானது. நீரிழிவால் வரும் சிறுநீரக நோய் வேண்டாம் என்று ‘நொட் டயபிட்டிஸ்’ இட்டால், ‘நீரிழிவு இல்லாத நோயாளிகள்’ என்று சுருக்கத்தில் எழுதிய கட்டுரைகள்தான் முதலில் போகும். அவையோ நமக்கு வேண்டியவை. முடிவுகள் கூடினால் ஒரு நிரலைத் தலைப்பில் மட்டும் தேடிப் பாருங்கள். குறைந்தால் ஒரு நிரலை முழுதாக நீக்குங்கள். முதலில் நீக்கவேண்டியது பெரும்பாலும் இடத்தின் நிரல்.

இடப்பெயர்களுக்கு வருவோம். இது நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல், ஆகவே சற்று விரிவாக. ‘ட்ரிங்கோமலி’ என்ற ஆங்கிலப் பெயரோடு ‘திருகோணமலை’யின் உச்சரிப்பை ஒட்டிய எழுத்துக்கூட்டல்களும் உண்டு. மூதூரை நடுவில் ஒரு ரி இட்டும், இரண்டு ரி இட்டும், ரியும் எச்சும் இட்டும் எழுதுகிறார்கள். கொட்டியாரக் குடாவுக்கு இரண்டு டி இட்ட வடிவமும் இரண்டு ரி இட்ட வடிவமும் வழக்கில் உள்ளன. புல்மோட்டை இல்மனைற்று பற்றித் தேடுபவர் ‘புல்மோடை’, ‘புல்முடை’ என்ற வடிவங்களையும் சேர்க்கவேண்டும். தம்பலகாமம் இன்று அரச ஆவணங்களில் பெரும்பாலும் ‘தம்பலகமுவ’ என்ற வடிவில் வருகிறது. குடியேற்றக் கால அறிக்கைகளில் அது ‘டம்பிளெகம்’. அந்தக் குடாவில் கிடைத்த, யன்னல் கண்ணாடிபோல் தட்டையான ஓடுடைய சிப்பி பற்றிய பழைய அறிக்கைகளைத் தேடுபவர் இன்றைய பெயரை இட்டால் எதுவும் வராது. அதன் விஞ்ஞானப் பெயரான ‘பிளக்கூனா பிளசென்டா’வையும் பழைய ஊர்ப்பெயரையும் சேர்த்து, உயிரியற் பழைய நூல்களை இலவசமாகத் தரும் பயோடைவர்சிற்றி ஹெரிற்றேஜ் நூலகத்தில் தேடவேண்டும். 1972 மே மாதத்துக்கு முந்திய எதற்கும் நாட்டின் பெயர் ‘சிலோன்’. கன்னியா வெந்நீரூற்றுகளை நாம் ‘ஹொட் வெல்ஸ்’ என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பழகியிருக்கிறோம்; புவியியலாளர் எழுதுவதோ ‘தேர்மல் ஸ்பிரிங்’, ‘ஜியோதேர்மல்’. கன்னியாவும் கிண்ணியாவும் ஆங்கிலத்தில் ஓரெழுத்து வேறுபாடுதான் என்பதால், வந்த முடிவு எந்த ஊரைச் சொல்கிறது என்பதையும் சரிபார்க்க வேண்டும். ஜியோநேம்ஸ் தளத்தில் ஓர் ஊரின் மாற்றுப் பெயர்களைப் பார்க்கலாம். அங்கே இல்லாதவற்றை ஊர் அறிந்தவர்களாகிய நாமே சேர்க்கவேண்டும். வெளியூர் ஆய்வாளருக்கு இல்லாத நன்மை இது.

சித்த மருத்துவ மாணவர்களுக்கு இதே சிக்கல் மூலிகைப் பெயரில் வரும். ஆடாதோடைக்கு இன்று ஏற்கப்பட்ட பெயர் ‘ஜஸ்டீசியா அடதோடா’. ஆனால் மருந்தியல் கட்டுரைகள் பல ‘அடதோடா வசிக்கா’ என்றே எழுதுகின்றன. ‘அடதோடா செய்லானிக்கா’ என்றும் உண்டு. மூன்றையும் ‘ஓர்’ இட்டு, அதன் முக்கிய அற்கலோயிட்டான ‘வசிசீன்’ என்பதையும் சேர்த்தால்தான் தேடல் நிறையும். எந்த மூலிகைக்கும் முதலில் கியூ தாவரவியற் பூங்காவின் பிளான்ட்ஸ் ஒஃப் த வேர்ல்ட் ஒன்லைன் தளத்தில் பெயரை இட்டு, ஒத்த பெயர்களைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். ‘சித்தா’ என்ற சொல்லை அன்ட் இட்டுக் கட்டாயமாக்க வேண்டாம். வேதியியலாளரும் மருந்தியலாளரும் அதே மூலிகையை ஆராயும்போது மருத்துவ முறையின் பெயரை எழுதுவதேயில்லை. கூட்டு மருந்துகளில் ‘குடிநீர்’, ‘சூரணம்’ போன்றவற்றின் ஆங்கில எழுத்துக்கூட்டல் கட்டுரைக்குக் கட்டுரை மாறும். இந்திய ஆய்வேடுகளைத் தரும் சோத்கங்காவில் இது மிக அதிகம்.

சொற்களால் எட்ட முடியாததை மேற்கோள் வழியாக எட்டலாம். ஒரு நல்ல கட்டுரை கையில் கிடைத்தால் அதன் உசாத்துணைப் பட்டியல் பின்னோக்கிக் கொண்டுபோகும். கூகுள் ஸ்கொலரில் அதன் கீழே உள்ள ‘சைட்டட் பை’ முன்னோக்கிக் கொண்டுவரும். அந்தப் பக்கத்தில், மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குள் மட்டும் தேடும் சிறு பெட்டி ஒன்று இருக்கிறது. அதை அடையாளமிட்டு ஊர்ப்பெயரை இட்டுப் பாருங்கள். உலகின் எங்கோ வந்த ஓர் அடிப்படைக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களில் நம் மாவட்டத்தைத் தொட்டவர்கள் யார் என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும்.

கட்டுரை இருக்கிறது, திறக்கவில்லை என்றால் காசு கட்டுவதற்கு முன் ஓர் ஒழுங்கில் முயலவேண்டும். கூகுள் ஸ்கொலரில் ‘ஓல் வேர்ஷன்ஸ்’ என்பதை அழுத்தினால் ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியப் பிரதி சிலவேளை கிடைக்கும். அன்பேவோல் என்ற உலாவி நீட்சி, சட்டபூர்வமான இலவசப் பிரதி இருந்தால் பச்சைப் பூட்டுக் குறி காட்டும். ஜேஸ்டோரில் தனியாள் கணக்குத் திறந்தால் மாதமொன்றுக்கு ஒரு தொகைக் கட்டுரைகளைத் திரையில் இலவசமாக வாசிக்கலாம். வருமானம் குறைந்த நாடுகளின் நிறுவனங்களுக்குச் சஞ்சிகைகளை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ தரும் ரிசேர்ச் ஃபோர் லைஃப் திட்டத்தில், அதன் மருத்துவப் பிரிவான ஹினாரி உட்பட, உங்கள் நிறுவனம் பதிவு செய்துள்ளதா என்று நூலகரிடம் கேளுங்கள். பதிவு நிறுவனத்துக்குத்தான், தனியாளுக்கு அல்ல. வளாகச் சந்தாக்கள் பொதுவாக வளாக வலையமைப்பின் முகவரியை வைத்தே திறக்கும் என்பதால், வீட்டிலிருந்து திறக்காத கட்டுரை நூலகத்தில் திறக்கும். கடைசியாக, கட்டுரையில் உள்ள முகவரிக்கு ஆசிரியருக்கு மூன்று வரியில் மரியாதையான மின்னஞ்சல் அனுப்புங்கள். பலர் மகிழ்ச்சியோடு பிரதி அனுப்புகிறார்கள்.

தமிழில் எழுதப்பட்ட ஆய்வுகளைத் தேடுவது தனி வேலை. நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் ஈழத்துச் சஞ்சிகைகளுக்கும் மலர்களுக்கும் முதல் இடம். சென்னையின் தமிழ் இணையக் கல்விக்கழக நூலகம் அடுத்தது. பழைய இதழ்களில் பல படமாக வருடப்பட்டவை, அவற்றின் உள்ளே சொல் தேட முடியாது. தலைப்பு, ஆசிரியர், பொருளடக்கம் வழியாகவே போகவேண்டும். நம் நாட்டில் இன்னொரு தடையும் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சாகிப் பீடிஎஃப் ஆக்கப்பட்ட ஆய்விதழ்கள் ஏராளம். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் அவற்றின் அடியில் இருப்பது ஆங்கில எழுத்துக்கோவை. யுனிகோடில் ‘திருகோணமலை’ என்று தேடினால் அதற்கு எதுவும் புரியாது. இலவச எழுத்துரு மாற்றி ஒன்றில் நமது சொல்லை யுனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றி, வரும் ஆங்கில எழுத்துக்கோவையை அந்தக் கோப்பின் தேடற்பெட்டியில் ஒட்டினால் சொல் அகப்படும். ‘திருக்கோணமலை’, ‘திருமலை’ வடிவங்களையும் மறக்கவேண்டாம். வேற்றுமை உருபு சேர்ந்த சொல்லைத் தேடாமல் ‘திருகோணமலை’ என்று அடிச்சொல்லோடு நிறுத்துங்கள்.

இப்போது பலரும் உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் ‘இத்தலைப்பில் பத்து உசாத்துணை தா’ என்று கேட்கிறார்கள். நிரல்களுக்கு ஒத்த சொற்கள் திரட்ட அவை உதவும். உசாத்துணைக்கு அவற்றை நம்பக்கூடாது: உண்மையான ஆசிரியர், உண்மையான சஞ்சிகை, இல்லாத கட்டுரை என்று சேர்த்துத் தரும். ஒவ்வொரு கட்டுரைக்கும் வழங்கப்படும் நிலையான அடையாளமான, 10 என்ற எண்ணில் தொடங்கும் டிஓஐ இலக்கத்தை டிஓஐ தளத்தில் இட்டு, திறக்கும் கட்டுரையின் தலைப்பும் ஆசிரியரும் பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். இருக்கும் கட்டுரையும் பின்னர் பிழை காரணமாகச் சஞ்சிகையால் மீளப்பெறப்பட்டிருக்கலாம். இலவசச் செயலியான சொட்டேரோவில் உசாத்துணைகளைச் சேமித்தால், மீளப்பெறப்பட்டவற்றைச் சிவப்பு எச்சரிக்கையோடு காட்டும். ஒரே கட்டுரை இரண்டு தரவுத்தளத்திலிருந்து வந்திருந்தால் அதைக் கண்டுபிடித்துக் காட்டும்; நாம் பார்த்து இணைத்துக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு பதிவேடு வேண்டும். தேடிய திகதி, தரவுத்தளத்தின் பெயர், எழுத்து மாறாமல் முழுக் கோவை, இட்ட வடிகட்டிகள், வந்த எண்ணிக்கை, தெரிந்தெடுத்த எண்ணிக்கை ஆகிய ஆறு நிரல்கள் போதும். ஆய்வேட்டைக் கையளிப்பதற்கு முந்திய மாதத்தில் அதே கோவையை மறுபடி ஓட்டவேண்டும்; அல்லது பப்மெட்டிலும் கூகுள் ஸ்கொலரிலும் மின்னஞ்சல் அறிவிப்பு அமைத்துவிடவேண்டும். மேற்பார்வையாளர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான்: ‘முன்னைய ஆய்வுகள் இல்லை’ என்ற வசனத்தை, இந்தப் பதிவேடு பின்னிணைப்பாக இல்லாத ஆய்வேட்டில் ஏற்காதீர்கள். குறைந்தது மூன்று தரவுத்தளங்கள், அவற்றுள் ஒன்று இலங்கைக் கட்டுரைகளைத் தருவது, ஒன்று முழுப்பாடத்தைத் தேடுவது என்று விதித்தால் மாணவரும் சிரமப்படமாட்டார், வசனத்துக்கும் ஆதாரம் இருக்கும்.

இம்மாவட்டத்தைப் பற்றி எழுதி வெளியிடுவோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆய்வுச்சுருக்கத்தில் கிராமத்தின் பெயரை மட்டும் எழுதாமல் மாவட்டத்தின் பெயரையும் நாட்டின் பெயரையும் எழுதுங்கள். ஊருக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் இருந்தால் ஒன்றைச் சுருக்கத்திலும் மற்றதைத் திறவுச்சொல்லிலும் வையுங்கள். தமிழில் எழுதினால் ஆங்கிலத் தலைப்பும் சுருக்கமும் கூடவே இருக்கட்டும். கட்டுரையை யுனிகோடில் தட்டச்சுச் செய்து, ஏற்றுக்கொள்ளப்பட்ட பிரதியைச் சஞ்சிகை அனுமதிக்கும் வடிவில் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் சேருங்கள். சஞ்சிகை ஆசிரியர்கள் இந்த நான்கையும் கட்டுரையாளர்களுக்கான அறிவுறுத்தலில் சேர்த்தால், அடுத்த இதழிலிருந்தே நடைமுறைக்கு வந்துவிடும்.

இங்ஙனம்,
ஆய்வு நூலகப் பணியில் உள்ளோர் சிலர்,
திருகோணமலை.